வெயிட் இல்லாத குக்கர்

வசந்தாமணிக்குப் பாலைவனம் என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹூஸ்டன் தமிழர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவளுக்குக் கள்ளிச்செடியும் ஒன்றுதான், கார் பார்க்கிங்கும் ஒன்றுதான். டெக்சாஸின் மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய வனாந்தரத்தில், ஆறே பேரை ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏற்றி மூன்று நாள் சுற்றிக்காட்டும் அந்த டூரின் விளம்பரத் தாளை அவள் பத்திரப்படுத்தியதற்கு ஒரே காரணம் அதன் கடைசி வரி. சாப்பாடு முழுக்க எங்கள் பொறுப்பு, நீங்கள் வெறும் கையோடு வந்தால் போதும் என்று அதில் போட்டிருந்தது. ஆபீஸ் பிரேக் ரூமில் நின்றபடியே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அவள் உடுமலைப்பேட்டைக்காரி. எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹூஸ்டன்தான். கணவர் கிட்டுசாமி எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் டிசைன் செய்கிற இன்ஜினியர். நல்ல மனுஷன். குடி, சிகரெட் கிடையாது, பெண்டாட்டியை அதட்டிப் பேசியது கிடையாது. ஒரே ஒரு வியாதி, யாரைப் பார்த்தாலும் வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்று சொல்லிவிடுவார். ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவன் தமிழில் பேசிவிட்டால் போதும், அவன் அன்று இரவு இவர் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருப்பான். கம்ப்யூட்டர் வேலைக்கு விசாவில் வந்து இறங்கும் பையன்கள், அபார்ட்மென்ட் கிடைக்கும்வரை தங்குவதற்கு என்று வருவார்கள். அபார்ட்மென்ட் கிடைத்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் வருவார்கள்.

வசந்தாமணியின் கைப்பக்குவம் அப்படி, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் புளியோதரைக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. தமிழ்ச் சங்கப் பொங்கலா, கோயில் அன்னதானமா, யார் வீட்டிலாவது வளைகாப்பா, போன் அவளுக்குத்தான் வரும். "உங்க கை பட்டாலே தனி ருசி ஆன்ட்டி" என்று ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடிந்ததில்லை. ஆபீசில் நாளெல்லாம் கீபோர்டு தட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றின கையோடு அரிசி களைவாள். மணிக்கட்டில் ஒரு வலி வந்து அங்கேயே குடியேறிவிட்டது. குதிகால் காலையில் தரையில் பட்டால் ஆணி குத்துகிற மாதிரி இருக்கும். ஆஸ்டினில் படிக்கிற மகள் போனில், "மாம், ஜஸ்ட் ஸே நோ" என்பாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

உண்மையில் வசந்தாமணிக்கு உடம்பு அசதிகூட அவ்வளவு பெரிதில்லை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. பிக்னிக் போனால் அடுப்பைப் பார்த்தாள். கடற்கரைக்குப் போனால் கூலர் பெட்டியைப் பார்த்தாள். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் உப்பு எங்கே இருக்கிறது என்றுதான் தேடும். ஐம்பது வயது நெருங்கும்போது இது அவளுக்குத் திடீரென்று உறைத்தது, உறைத்ததும் அழுகையாக வந்தது. மூன்றே நாள், கரண்டியைத் தொடாமல், ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த இடமாக இருந்தால் என்ன.

அதனால் டூருக்குப் பணம் கட்டின அன்றைக்கே கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இந்த மூணு நாளைக்கு நான் சமைக்க மாட்டேன். அரிசி, பருப்புன்னு ஒண்ணையும் கட்டக் கூடாது. சரீன்னு சொல்லுங்க."

"அட, நீ எதுக்குச் சமைக்கோணும்? அதான் அவங்களே போடறாங்கல்ல?" என்றார் கிட்டுசாமி. அவர் அதை மனசாரத்தான் சொன்னார்.

கூட வந்தவர்கள் நாலு பேர். அடுத்த தெருவில் இருக்கும் பிச்சுமணி மாமா, ரிட்டயரான கெமிஸ்ட், சர்க்கரைக்காரர். அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாமி. அப்புறம் சபரி, தாமரைச்செல்வி என்று கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடி. சபரி இவர்கள் வீட்டில் தங்கிப் போன பையன்களில் ஒருவன். அக்டோபர் லாங் வீக்கெண்ட், தொண்ணூற்றொன்பதாம் வருஷம். அது புரட்டாசி மாசம் என்பதால் மாமா மாமி மட்டுமில்லை, கிட்டுசாமி வீட்டிலும் சபரி வீட்டிலும்கூடக் கவிச்சி கிடையாது. டூர்காரர்களுக்கு ஆறு பேரும் வெஜிடேரியன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பிரச்சினையே இல்லை என்று பதில் வந்திருந்தது.

சனிக்கிழமை காலையில், முந்தின ராத்திரி வந்து தங்கியிருந்த மோட்டல் வாசலுக்கே வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்த கைடு பெயர் டேல். அறுபது வயதிருக்கும், வெயிலில் காய்ந்து சுருங்கின மனுஷன். சமையலும் அவரேதான். அதைக் கேட்டதும் வசந்தாமணிக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் டேல் வண்டியை நிறுத்தினார். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால்தான் கல்லிலும் மணலிலும் வண்டி பிடித்து ஏறுமாம். எல்லோரும் இறங்கி நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். கிட்டுசாமி பிரஷர் மாத்திரை போட்டாரா இல்லையா என்று வசந்தாமணிக்குச் சந்தேகம் வந்தது. வண்டியின் பின்பக்கம் போய் அவருடைய நீலப் பையைத் திறந்தாள். உள்ளே வேட்டியில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது.

பிரித்துப் பார்த்தால் குக்கர். அவளுடைய குக்கர்தான். கைப்பிடியில் அவள் சுற்றின நூலோடு வந்திருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பை நிறைய அரிசி, போன வாரம் அவள் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் பாட்டில், ஒரு சாக்ஸுக்குள் முடிந்து வைத்த வெயிட்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. வண்டியின் பின்கதவில் சாய்ந்துகொண்டாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருப்பார். அந்த எதற்கும் என்பதில் சமைக்கப்போவது யார் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. இப்போது இதைத் தூக்கிக் காட்டிச் சண்டை போட்டால் எல்லோரும் சேர்ந்து சமாதானம் பண்ணுவார்கள், குக்கர் இருப்பதும் ஊருக்குத் தெரிந்துபோகும். சாயங்காலமே யாராவது, ஒரு ரசம் மட்டும் ஆன்ட்டி என்று ஆரம்பிப்பார்கள். அவள் சாக்ஸை அவிழ்த்து வெயிட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குக்கரை வேட்டியில் பழையபடி சுற்றி வைத்துவிட்டு, மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வண்டி குலுங்கின குலுக்கலில் பிச்சுமணி மாமா ராம ராம என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணுக்கு எட்டின மட்டும் கல், முள், வறண்ட ஓடை. தூரத்தில் நீலமாக ஒரு மலைத்தொடர், எவ்வளவு நேரம் ஓட்டியும் கிட்டவே வராமல் நின்றது. ஒரு பாறை நிழலில் டேல் மேசை போட்டு, பெரிய பாத்திரத்தில் ராஜ்மா மாதிரி ஒரு பீன்ஸைச் சூடு பண்ணி, சோள ரொட்டியோடு வைத்தார். அவர் சாமான் பெட்டியைத் திறந்தபோதே வசந்தாமணியின் கண் உப்பைப் பார்த்துவிட்டது, இரண்டாவது அடுக்கில் காபிப் பொடிக்குப் பக்கத்தில். பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

பீன்ஸ் அமிர்தமாக இருந்தது. வெள்ளைக்காரன் சமையலில் இப்படி ஒரு மணமா என்று கிட்டுசாமி வியந்தார். பிச்சுமணி மாமா மூன்று தரம் போட்டுக்கொண்டார். வசந்தாமணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டாள். யாரோ பொங்கிப் போட்டதை ஆறுவதற்கு முன்னால் சாப்பிடுவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்படியே இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைத் துளித்துளியாகப் பிய்த்தாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு முகாம் போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டேலும் சபரியும் கூடாரங்களை அடித்தார்கள். பிறகு டேல் அடுப்பைப் பற்றவைத்து, மறுபடி பீன்ஸ் பாத்திரத்தை ஏற்றினார். ராஜலக்ஷ்மி மாமி பக்கத்தில் போய் நின்று இங்கிலீஷில் ரெசிபி கேட்டாள். டேலுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வெங்காயம், மிளகாய், சீரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ரகசியம் இதில்தான் இருக்கிறது என்று ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். நெய் உறைந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. பன்றிக் கொழுப்பு, கடையில் வாங்கினதில்லை, தன் அக்கா வீட்டில் உருக்கினது என்றார். மத்தியானம் சாப்பிட்ட ரொட்டி மாவிலும் அதுதான் போட்டதாம்.

மாமி திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னாள். பிச்சுமணி மாமா எழுந்து ஒரு புதருக்குப் பின்னால் போய் வாய் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆன பிறகு கொப்பளித்து என்ன வரப்போகிறது, ஆனாலும் மனசு கேட்குமா. "சனிக்கிழமையும் அதுவுமா" என்று கிட்டுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று தரம் போட்டுக்கொண்டதை யாரும் மாமாவுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பாவம் டேல். அவருக்கு என்ன தப்பு நடந்தது என்றே புரியவில்லை. ஒரு துண்டு இறைச்சிகூடப் போடவில்லையே, வெறும் பீன்ஸ்தானே என்றார். சபரி விளக்கிச் சொன்னபோது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற வேளைக்கு வைத்திருந்ததெல்லாம் அதே கொழுப்பில் செய்ததுதான். மிச்சம் இருப்பது ஒரு பாக்கெட் பிரெட், வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், ஆப்பிள். கடை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வந்த வழியே நாளெல்லாம் குலுங்கிப் போக வேண்டும். பிரெட்டில் என்ன கொழுப்போ யார் கண்டார்கள் என்று மாமா அதையும் தொட மாட்டேன் என்றுவிட்டார். ராத்திரிக்கான சர்க்கரை மாத்திரையை வேறு அவர் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டுவிட்டார்.

அப்போதுதான் கிட்டுசாமி எழுந்து வண்டிப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் வேட்டி மூட்டை. பொக்கிஷம் மாதிரி அதை மேசையில் வைத்துப் பிரித்தார்.

"எதுக்கும் இருக்கட்டுமுன்னு போட்டுட்டு வந்தேன்" என்றார், மனைவியைப் பார்க்காமல்.

அத்தனை முகமும் மலர்ந்தது. அத்தனை முகமும் வசந்தாமணி பக்கம் திரும்பியது. அந்தத் திரும்பல் அவளுக்குப் புதிதா என்ன. சங்கத்தில் பார்த்திருக்கிறாள், கோயிலில் பார்த்திருக்கிறாள், சொந்த வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்றான் சபரி. "புளிக்காய்ச்சல் வேற இருக்கு. அங்கிள், யூ ஆர் கிரேட்."

வசந்தாமணி நாற்காலியை விட்டு அசையவில்லை. கிட்டுசாமி அரிசியை எடுத்து வெளியே வைத்தார், பாட்டிலை வைத்தார், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்ஸை உதறினார். பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"வெயிட்டைக் காணமே. நான் போட்டேனே. சாக்ஸுக்குள்ள முடிஞ்சு போட்டேன்."

"வெயிட் இல்லாட்டி எப்படி அங்கிள் விசில் வரும்?" என்று சபரி வண்டிக்குள் டார்ச் அடித்துத் தேடப் போனான். தாமரைச்செல்வியும் பின்னாலேயே போனாள். டேல் என்ன தொலைந்தது என்றே தெரியாமல் தரையில் குனிந்து தேடினார்.

வசந்தாமணியின் கை கைப்பைக்குள் இருந்தது. வெயிட் உள்ளங்கையில் இருந்தது. எதிரில் பிச்சுமணி மாமா ஒரு கல்லின் மேல் தோளைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்த அத்துவானத்தில் மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது. எழுந்து போய் வெயிட்டை மேசையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சாதம் ஆகிவிடும். காலையில் பொங்கல் கேட்பார்கள், அதுவும் ஆகிவிடும். மூன்று நாளும் ஆகிவிடும். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் வந்த கையோடு வெட்கமும் வந்தது. ஒரு மனுஷன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான், நான் ஒரு துண்டு இரும்பை ஒளித்து வைத்திருக்கிறேனே என்று. அவள் கையை வெளியே எடுத்தாள். எழுந்திருப்பதற்காகக் குதிகாலைத் தரையில் ஊன்றினாள்.

பக்கத்து நாற்காலியில் ராஜலக்ஷ்மி மாமி வந்து உட்கார்ந்தாள். வசந்தாமணியின் மூடின கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் தெரிந்ததையும் பார்த்தாள்.

"உள்ள போடு" என்றாள் மாமி, மெதுவாக.

"மாமா மாத்திரை போட்டுட்டாங்களே மாமி."

"வாழைப்பழம் இருக்கு, ஆப்பிள் இருக்கு. இப்பவே உரிச்சுக் கையில குடுக்கறேன். அவரை நான் பாத்துக்கறேன். நீ உக்காரு."

வசந்தாமணிக்கு முதலில் காதில் விழுந்தது நிஜம்தானா என்று இருந்தது. அந்த நீ உக்காரு என்ற சொல்லை அவள் வாழ்நாளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். நீங்க உக்காருங்க, நான் பரிமாறறேன். நீ உக்காரு கண்ணு, தோசை வருது. அவளைப் பார்த்து ஒருத்தர் சொல்லி அவள் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து கைப்பையைத் திறந்து வெயிட்டை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

மாமி மாமாவுக்கு இரண்டு பழத்தை உரித்துக் கொடுத்துத் தின்கிறாரா என்று பார்த்தாள். அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கிட்டுசாமி, சாதம் வடிக்கறதுக்கு வெயிட் எதுக்கு? மூடியை அப்பால வையுங்கோ. அது வெறும் பாத்திரம். அரிசியைக் களைஞ்சு, நெறய ஜலம் விட்டு, வெந்ததும் வடிச்சுடணும். அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதுங்களே மாமி" என்றார் கிட்டுசாமி.

"இன்னிக்குத் தெரிஞ்சுண்டுடுங்கோ. சபரி, நீயும் போ. நாங்க மூணு பேரும் இங்க உக்காந்துண்டிருக்கோம்."

தாமரைச்செல்வி தன் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து இவர்கள் பக்கத்தில் போட்டாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்கவில்லை. புத்திசாலிப் பெண்.

அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. குழாய்க்குள் எண்ணெய் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று கணக்குப் போடுகிறவருக்கு, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. சபரி கிளறியே சாதத்தைக் கூழாக்கினான். நடுவில் பொங்கி அடுப்பு அணைந்தது, டேல் மறுபடி பற்றவைத்தார். வடிக்கும்போது பாதிச் சாதம் கஞ்சியோடு மண்ணில் போனது. ஒவ்வொரு கட்டத்திலும் கிட்டுசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் நீலமாக இருந்த மலை செம்மண் நிறமாகி, அப்புறம் சாம்பல் நிறமானது. வண்டியை விட்டு இறங்கினால் காற்றில் ஒரு கசந்த இலை வாசனை இருப்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே மாதிரி கூவிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது, பெயர் தெரியவில்லை.

புளிக்காய்ச்சலைப் போட்டுக் கலந்து மாமாவுக்கு முதலில் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டார், மூச்சு விடாமல் சாப்பிட்டார். அப்புறம் கிட்டுசாமி ஒரு காகிதத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வசந்தாமணியின் முன்னால் நின்றார். ஆவி பட்டு அவர் கண்ணாடி மங்கியிருந்தது. வேட்டி மூட்டையைப் பிரித்தபோது இருந்த மிடுக்கு இல்லை.

"சாப்பிடு" என்றார். பிறகு கொஞ்சம் நின்று, "கை காந்துது மணி. எப்படித்தான் தினமும்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். அடி பிடித்த வாசனை வந்தது. ஒரு பக்கம் குழைந்திருந்தது, ஒரு பக்கம் அரிசி நறநறவென்றது. ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"எப்படி இருக்குது?"

"உப்புப் பத்தலை."

"அடடா. உப்பு எங்கே வெச்சிருக்கறாங்கன்னு தெரியலையே" என்று கிட்டுசாமி சாமான் பெட்டிப் பக்கம் பார்த்தார். பழக்கதோஷம், அவளையும் பார்த்தார்.

இரண்டாவது அடுக்கில், காபிப் பொடிக்குப் பக்கத்தில் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, உப்புப் பத்தாத அந்தச் சாதத்தைக் கடைசிப் பருக்கை வரை மெதுவாகச் சாப்பிட்டாள். கிட்டுசாமி போய்ப் பெட்டியைத் திறந்து தேட ஆரம்பித்தார்.